பிணைத்தொகை: ஒரு ஸ்டெப்னி

போன் அலறியது!

டயர் கடைக்காரரின் இரண்டு கைகளும் தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்தன. போலீஸ்காரரின் பைக் ட்யூபை அமுக்கிப் பிடித்து, குமிழி எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். மனைவியின் நம்பர்.

"சொல்லும்மா. தையல் கிளாஸுக்குப் போய்ச் சேர்ந்துட்டியா?"

"சேரலை..."

ஆண் குரல்!

"யாரு... யாருங்க நீங்க? இது என் சம்சாரத்தோட போனு..."

"போனும் என் கையில இருக்கு. சம்சாரமும் என் கையில இருக்கா. கத்தாம கேளு. பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

கடைக்காரர் மெல்லத் திரும்பினார்.

இரண்டடி தூரத்தில், ஸ்டூலில், முழு யூனிஃபார்மில், பெல்ட்டைத் தளர்த்திவிட்டுக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார் போலீஸ்காரர்.

"இ... இல்லைங்க. ஈ காக்கா கூட இல்லைங்க!"

போலீஸ்காரர் புருவத்தை உயர்த்தி, 'யாரு?' என்று சைகையில் கேட்டார்.

'மாமியார்' என்று சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தார் கடைக்காரர். போலீஸ்காரர் அனுதாபமாகத் தலையை ஆட்டிவிட்டு டீக்குத் திரும்பினார்.

கடைக்காரர் கம்ப்ரஸருக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"அவளை ஒண்ணும் பண்ணிடாதீங்க... எவ்வளவு பணம்னாலும் புரட்டித் தர்றேன்..."

"பணம் எங்ககிட்ட பெட்டி நிறைய இருக்கு. உன் பிச்சைக்காசு எவனுக்கு வேணும்? ஸ்டெப்னி கொண்டா!"

"என்னது?"

"ஸ்டெப்னிடா! பிக்கப் வண்டிக்கு ஒரு ஸ்டெப்னி! எங்க வண்டி டயர் கிழிஞ்சு நிக்குது. என்ன அளவுன்னு உன் பொண்டாட்டியே சொல்லுவா, கேளு."

போன் கை மாறியது. அழுகை கேட்டது. பிறகு அவள் குரல்.

"ஏங்க... நம்ம பிக்கப் மாதிரியே தாங்க. அஞ்சு நட்டு. பின்பக்கம் வலது. லோடு ரொம்ப ஜாஸ்திங்க, காத்து அறுபது வச்சுக் கொண்டாங்க... இவங்க துப்பாக்கி வச்சிருக்காங்க!"

அழுகைக்கு நடுவிலும் அளவு பிசகவில்லை. பதினாறு வருஷம் டயர் கடைக்காரரோடு குடும்பம் நடத்தியவள் ஆயிற்றே!

மறுபடியும் ஆண் குரல்.

"கேட்டுக்கிட்டியா? மூடிக்கிடக்குற கல் குவாரிக்கு வா. முக்கால் மணி நேரம் டைம். நீ மட்டும் வரணும். உன் பின்னாடி போலீஸ் தெரிஞ்சுதுன்னா, உன் பொண்டாட்டி தெரியமாட்டா!"

லைன் அறுந்தது.

போலீஸைக் கூப்பிட வேண்டுமென்றால் வாயைத் திறந்தால் போதும். கூப்பிடு தூரம்கூட இல்லை, தும்மினால் கேட்கும் தூரம். ஆனால் வாயைத் திறக்க முடியாது!

"மாமியார் என்னய்யா கேட்கறாங்க?" என்றார் போலீஸ்காரர்.

"மருந்து சார்... அவசரமா மருந்து..."

"உனக்காச்சும் மாமியார் தொல்லையோட போச்சு. எங்க பொழைப்பைப் பாரு. காலையில நகைக்கடைக்குள்ள புகுந்து, காவலாளியைச் சுட்டுட்டு, இரும்பு லாக்கரையே பேர்த்து பிக்கப்ல ஏத்திட்டாங்க. லாக்கரைத் தூக்கவே ஆறு பேரு. நாலு பேரைப் பிடிச்சிட்டோம். ரெண்டு பேரு வண்டியோட மாயம்!"

"காவலாளி... பிழைச்சுக்கிட்டாரா சார்?"

"எங்கய்யா பிழைக்கறது? அங்கேயே போயிட்டாரு."

கடைக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவர் மனைவி ஒரு கொலைகாரனோடு நிற்கிறாள்.

ஐந்து நட்டு ரிம்மில் மாட்டித் தயாராகக் கடையில் இருந்தது ஒரே ஒரு சக்கரம். மூலையில் சாய்ந்திருந்தது. பார்வைக்கு மாப்பிள்ளை மாதிரி இருக்கும். பாலிஷ் போட்டுப் பளபளவென்று வைத்திருந்தார். ஆனால் பக்கவாட்டில் பொறித்திருக்கும் கடைசி நான்கு எண்களைப் படிக்கத் தெரிந்தவனுக்கு உண்மை தெரியும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். அந்த டயர் பிறந்து எட்டு வருஷம் ஆகிவிட்டது. ரப்பர் செத்துப்போய், உற்றுப் பார்த்தால் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தன.

ஆறு பேர் தூக்கிய லாக்கரின் கனம். இந்த வெயில். பத்து கிலோமீட்டர் கூடத் தாங்காது.

'வெடிக்கட்டும்! நடுரோட்டில் நின்று சாகட்டும் பாவிகள்!'

பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் தூக்கித் தன் பிக்கப்பின் பின்னால் போட்டார். போட்ட கையோடு ஒரு சந்தேகம் வந்தது. கம்ப்ரஸருக்குப் பின்னால் ஓடிப்போய் மனைவியின் நம்பரை அழுத்தினார்.

"டயரைக் கொடுத்ததும் அவளை விட்டுடுவீங்கல்ல?"

எதிர்முனை சிரித்தது.

"இருபது கிலோமீட்டர் எங்ககூட வண்டியில வருவா. அப்புறம்தான் விடுவோம். டயர் கடைக்காரன் எந்த மாதிரி டயர் கொடுப்பான்னு எங்களுக்குத் தெரியாதா?"

கடைக்காரர் போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

திரும்பி வந்தார். கிழட்டு டயரைக் கீழே தள்ளினார். தன் பிக்கப்பின் அடியில் புகுந்து, தன் சொந்த ஸ்டெப்னியை இறக்கினார்.

அது சாதாரண ஸ்டெப்னி இல்லை. மாதம் தவறாமல் இறக்கிக் காற்றுப் பார்த்து, தொங்கும் சங்கிலிக்கு கிரீஸ் தடவி, சேறு படாமல் உறை போட்டு வைத்தது. இரவல் கேட்ட மைத்துனனுக்கே இல்லை என்று சொல்லிவிட்டார்; அந்தக் கோபத்தில் அவன் ஒரு வருஷம் பேசாமல் இருந்தான். கடையில் இருந்தவற்றிலேயே உண்மையான டயர் அதுதான்.

"ஏன்யா, ஒண்ணை ஏத்தற, இறக்கற... உனக்கு என்ன ஆச்சு?" என்றார் போலீஸ்காரர்.

"ரோட்டுல ஒரு வண்டி நிக்குது சார். பாவம், அவசரம்..."

"மாமியார் மருந்து?"

"அ... அதுவும் அந்தப் பக்கம்தான் சார்!"

"என் பைக் சக்கரத்தைக் கழட்டிப் போட்டுட்டு நீ பாட்டுக்குக் கிளம்பற. நான் என்ன நடந்தா போறது?"

"உட்காருங்க சார்... இதோ வந்துடறேன்... இன்னொரு டீ சாப்பிடுங்க சார்!"

காற்றை அறுபதுக்கு ஏற்றி, இரண்டு தடவை அளந்து பார்த்துவிட்டுக் கிளம்பினார். கண்ணாடியில் போலீஸ்காரர் சின்னதாகிக்கொண்டே போனார். கடைக்காரர் ஸ்டியரிங்கில் சாய்ந்து, வாய்விட்டு அழுதார்.

குவாரி வெறிச்சோடிக் கிடந்தது.

பாறைச் சுவரை ஒட்டி ஒரு பிக்கப். வலது பக்கம் தளர்ந்து உட்கார்ந்திருந்தது. பின்னால் தார்ப்பாய் மூடிய லாக்கர். பக்கத்தில் மனைவியின் ஸ்கூட்டர் விழுந்து கிடந்தது.

இரண்டு பேர். மொட்டைத்தலையன் ஒருவன், கையில் துப்பாக்கி. இன்னொருவன் கண்ணாடி போட்டவன். இரண்டு பேருக்கும் நடுவில் அவள்!

"ஏங்க..."

"வந்துட்டேம்மா! அடிச்சாங்களா?"

"குடும்பக் கதை அப்புறம்" என்றான் மொட்டை. "டயரைப் போடு!"

"இவளை எப்படிங்க பிடிச்சீங்க? அவ உங்களுக்கு என்ன பண்ணினா?"

"நாங்க எங்க பிடிச்சோம்? அவளாத்தான் வந்தா. நாங்க டயர் கிழிஞ்சு நிக்கறோம். இவ ஸ்கூட்டரை நிறுத்தி, 'பஞ்சருங்களா? எங்க வீட்டுக்காரர் கடை பக்கத்துலதான்'னு கார்டை நீட்டறா!"

கடைக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ரோட்டில் எந்த வண்டி நின்றாலும் கார்டு கொடு என்று அவளிடம் சொல்லிவைத்ததே அவர்தான்.

கண்ணாடிக்காரன் கடைக்காரரின் வண்டியை நோட்டம் விட்டான்.

"அண்ணே, எதுக்கு டயரை மாத்திக்கிட்டு? இவன் வண்டியையே எடுத்துக்கிட்டா என்ன?"

"லாக்கரை யாருடா மாத்துவா? உங்க அப்பனா? ஆறு பேரு தூக்கினதை நீயும் நானும் தூக்குவோமா?"

கடைக்காரர் அவர்களுடைய பழைய ஸ்டெப்னியைப் பார்த்தார். சங்கிலி துருப்பிடித்து இறுகிப்போய், சுத்தியலால் அடித்து உடைத்திருந்தார்கள். டயரில் சொட்டுக் காற்று இல்லை. பக்கவாட்டில் விரலை விடலாம் போலப் பிளந்திருந்தது.

உயிர் போகிற நேரத்திலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"இதை எப்பங்க கடைசியா இறக்கிப் பார்த்தீங்க?"

"எதுக்குப் பார்க்கணும்? அதான் அடியில தொங்குதே?"

"தொங்கினா போதுமா? மாசம் ஒருதரம் இறக்கிக் காத்துப் பார்க்க வேணாமா? ஓடற டயரை விட இதுக்குக் கொஞ்சம் கூடுதலாவே வைக்கணும். சங்கிலிக்கு ஒரு விரல் கிரீஸ் போட்டிருந்தா..."

துப்பாக்கி அவர் காதில் உட்கார்ந்தது.

"கிளாஸ் எடுக்கறியா?"

"மன்னிச்சுக்குங்க... பழக்கதோஷம்!"

மண்டியிட்டார். நட்டுகளை முதலில் தரையிலேயே தளர்த்தினார். பிறகு ஜாக்கியை வைத்து ஏற்றினார். லாக்கரின் கனத்தில் ஜாக்கி முனகியது. அது சரிந்தால் அவர் கை போகும். இரண்டு திருடர்களும் குனிந்து அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஏதாவது தகிடுதத்தம் பண்ணுகிறானா என்று.

மனைவி முன்சக்கரத்தை ஒட்டித் தரையில் உட்கார்ந்து, முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு விசும்பிக்கொண்டிருந்தாள்.

"ஒப்பாரியை நிறுத்துடி!" என்றான் மொட்டை, திரும்பாமலே.

"அழக்கூட விடமாட்டீங்களா?" என்றார் கடைக்காரர். அவருடைய மொத்த வீரமும் அந்த ஒரு வாக்கியத்தில் தீர்ந்துவிட்டது.

புதுச் சக்கரத்தை உருட்டி வந்து மாட்டினார். அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏங்க... இது நம்ம ஸ்டெப்னி..."

"ஆமாம்மா."

"தம்பி கேட்டப்போகூடக் கொடுக்கலையே..."

"நீ போற வண்டியாச்சே."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நிற்காமல் கொட்டியது.

நட்டுகளை எதிரெதிராக இறுக்கினார். இறக்கிவிட்டு மறுபடியும் இறுக்கினார். பதினாறு வருஷத்தில் எந்தக் கஸ்டமருக்கும் இவ்வளவு ஒழுங்காக வேலை செய்ததில்லை என்று அவருக்கே தெரிந்தது.

"அவளை விட்டுட்டு என்னை ஏத்திக்கிட்டுப் போங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேட்கறேன்!"

"நீ வந்தா டயருக்கு யாரு பொறுப்பு?" என்றான் மொட்டை. "இவதான்டா கேரண்டி கார்டு. நீ நேரா கடைக்குப் போய் வேலையைப் பாரு. வாயைத் திறந்தே, அவ கதை முடிஞ்சுது!"

அவளை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு பிக்கப் கிளம்பியது. புழுதி அடங்கும் வரை கடைக்காரர் அங்கேயே மண்டி போட்டுக் கிடந்தார்.

"வந்துட்டியா!" என்றார் போலீஸ்காரர். "மூணு டீ ஆச்சு."

கடைக்காரர் தொட்டி முன்னால் உட்கார்ந்து ட்யூபைத் தண்ணீருக்குள் அமுக்கினார். குமிழி வந்தது. அவருக்குத் தெரியவில்லை.

"குமிழி வருதே, தெரியலையா? என்னய்யா, கண்ணெல்லாம் சிவந்திருக்கு?"

"பசை வாசனை சார்... கரிக்குது."

இருபது கிலோமீட்டர். அரை மணி நேரம் போதும். சுவர்க் கடிகாரத்தில் நாற்பது நிமிஷம் ஆகிவிட்டது. அவளிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. ஓரமாக இறக்கிவிட்டிருப்பார்களா... தள்ளிவிட்டிருப்பார்களா... அதற்கு மேல் நினைக்க அவருக்குத் தெம்பு இல்லை.

ஐம்பது நிமிஷம்.

போன் அலறியது!

இரண்டு கையும் தண்ணீரில். பதறி எழுந்ததில் தொட்டியே ஆடியது.

"இரு, இரு, ஈரக்கையோட தொடாதே. நான் எடுக்கறேன்" என்று போலீஸ்காரர் எட்டிப் போனை எடுத்தார். "மாமியார்தானே? ஸ்பீக்கர்ல போடறேன், பேசு."

"சார், வேணாம் சார்!"

போட்டுவிட்டார்!

"டேய் டயர் கடை! இன்னொரு ஸ்டெப்னி கொண்டாடா!"

போலீஸ்காரரின் டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது.

"இ... இன்னொண்ணா?"

"இப்ப முன்டயர் போச்சு! காத்து சுத்தமா இல்லை. உன் பொண்டாட்டிதான் பார்த்தா. உள்ளே கம்பி அறுந்துடுச்சாம், டயரே மாத்தணுமாம். இருந்த ஸ்டெப்னியைத்தான் பின்னாடி மாட்டியாச்சே! சீக்கிரம் கொண்டா. இல்லே, லாக்கரோட சேர்த்து இவளையும் ஆத்துல தள்ளிடுவேன்!"

போலீஸ்காரர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, உள்ளங்கையில் எழுதிக் காட்டினார். 'எங்கே?'

"எங்கங்க நிக்கறீங்க?"

"பாலம் தாண்டி, பாழடைஞ்ச செங்கல் சூளை. தனியா வா!"

லைன் அறுந்தது. போலீஸ்காரர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"உன் மாமியாருக்குக் கொஞ்சம் கட்டைக்குரல்தான்யா" என்றார்.

கடைக்காரர் அப்படியே அவர் காலடியில் சரிந்தார்.

"சார்... என்னால முடியலை சார்... அவளைக் காப்பாத்துங்க சார்!"

கடைக்காரரின் பிக்கப் செங்கல் சூளைக்குள் நுழைந்தது.

பின்னால் நான்கு பெரிய லாரி டயர்கள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. பக்கத்தில் ஒரு பிக்கப் சக்கரம். அந்த லாரி டயர்களின் நடுக்குழிக்குள், முழங்காலை மூக்கில் முட்டிக்கொண்டு, தொப்பையை அமுக்கிக்கொண்டு, கையில் ரிவால்வரோடு போலீஸ்காரர்!

மற்ற போலீஸ் பாலத்துக்கு அந்தப் பக்கமே ஜீப்பில் காத்திருந்தது. மொட்டை எட்டிப் பார்த்தால் முடிந்தது கதை.

மனைவி உயிரோடு நின்றாள். அவள் கழுத்தருகில் துப்பாக்கி.

"எதுக்கு இத்தனை டயரு?" என்றான் மொட்டை.

"க... கஸ்டமருதுங்க. இறக்கி வைக்க நேரமில்லை..."

"சரி, இறக்கு!"

கடைக்காரர் சக்கரத்தைத் தொட்டார். "ஐயோ!" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்னடா?"

"இடுப்பு பிடிச்சிருச்சுங்க... காலையிலேருந்து தூக்கித் தூக்கி... நீங்க ரெண்டு பேரும் ஒரு கை கொடுத்தா..."

"தரித்திரம்!"

மொட்டை துப்பாக்கியை இடுப்பில் செருகினான். கண்ணாடிக்காரன் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். குனிந்து சக்கரத்தைப் பிடித்தார்கள். நான்கு கையும் ரப்பரில்.

லாரி டயருக்குள்ளிருந்து ஒரு கை முளைத்தது.

ரிவால்வரின் முனை மொட்டைத்தலையின் நடு உச்சியில் அழுத்தியது.

"அசையாதே! அசைஞ்சா காத்துப் போயிடும்!"

கண்ணாடிக்காரன் சக்கரத்தைத் தன் கால் மேலேயே போட்டுக்கொண்டு அலறினான். மனைவி பாய்ந்து மொட்டையின் இடுப்பிலிருந்த துப்பாக்கியைப் பிடுங்கிச் சூளைக்குள் வீசினாள். ஜீப் சீறிக்கொண்டு வந்து நின்றது. ஐந்து நிமிஷத்தில் இரண்டு பேருக்கும் விலங்கு மாட்டி, அந்த ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

கடைக்காரர் மனைவியைக் கட்டிக்கொண்டு தேம்பினார். பார்க்கிறவர்களைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை.

"போயிட்டேன்னு நினைச்சேம்மா... என் கையாலாகாத்தனத்தால உன்னைப் பறிகொடுத்துட்டேன்னு நினைச்சேன்..."

"விடுங்க... விடுங்க... அதான் வந்துட்டீங்களே."

"யாராச்சும் என்னை இழுங்கய்யா!" என்றது டயர் அடுக்கு. போலீஸ்காரரின் தொப்பை சிக்கிக்கொண்டிருந்தது. தலையும் ஒரு கையும் மட்டும் வெளியே தெரிந்தன.

ஜீப்பிலிருந்து மொட்டை அழாத குறையாகக் கேட்டான்.

"அம்மா... ஒரே ஒரு சந்தேகம். அந்த முன்டயர் நல்லா ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு? திடீர்னு எப்படிம்மா கம்பி அறுந்துச்சு?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கம்பியாவது அறுந்ததாவது! குவாரியில நீங்க ரெண்டு பேரும் இவர் கையையே பார்த்துக்கிட்டிருந்தீங்களே, அப்ப முன்சக்கரத்துக்குப் பக்கத்துல உட்கார்ந்து அழுதேன்ல? அழுதுக்கிட்டே வால்வுக்குள்ள இருக்கிற குட்டிப் பின்னைக் கொஞ்சமாத் தளர்த்திவிட்டேன். அதைத் திருகற சாவி என் ஸ்கூட்டர் சாவிக்கொத்துலயே கிடக்கும், கொத்து என் கையிலதான் இருந்துச்சு. மெதுவாக் காத்து இறங்கும், வெடிக்காது."

"அப்போ... டயர்?"

"டயருக்கு என்ன? கல்லு மாதிரி இருக்கு. பின்னை இறுக்கிக் காத்தடிச்சா இப்பவே ஓடும்."

"டயரே போச்சு, மாத்தியே ஆகணும்னு சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னியேம்மா!"

"சொன்னா நம்புவீங்கன்னு தெரியும். எங்க கடையில இவர் சொல்லித் தினம் நாலு பேரு நம்பறாங்களே!"

மனைவியின் தோளில் இருந்த கடைக்காரரின் கை மரக்கட்டையாக இறுகியது.

டயர் அடுக்கின் மேல் போலீஸ்காரரின் தலை, மெல்ல... மிக மெல்ல... அவர் பக்கம் திரும்பியது.

"ஏன்யா... போன மாசம் எங்க ஜீப்புக்கு, 'நாலு டயர்லயும் உள்ளே கம்பி அறுந்துடுச்சு'ன்னு சொல்லி, நாலையும் புதுசா மாத்தினியே..."

"சார்... அது வந்து சார்... வெயில் காலத்துல சார்..."

அந்த ஜீப்பின் உள்ளேயிருந்து மொட்டை உற்சாகமாகக் குரல் கொடுத்தான்.

"சார்! இங்க இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்கு!"